திரித்துவத்தை மறுத்தவர்கள்: ஜெனீவா நெருப்பிலிருந்து கேரள வகுப்பறை வரை

திருவனந்தபுரம் ஆரியசாலையிலிருந்து நாகர்கோவில் பக்கம் கிளம்பினால் கிள்ளிப்பாலம், கரமனை, நேமம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து பாலராமபுரம் வரும். கைத்தறிக்குப் பேர்போன ஊர். அந்த வட்டாரத்தில் ரசல்புரம் என்றும் ஓர் ஊர் இருக்கிறது. டெக்னோபார்க்கில் வேலை பார்த்துக்கொண்டு வாரக் கடைசியில் ஊருக்குப் போய்வரும் உங்களில் பலர், அந்தப் பெயரைப் பேருந்துப் பலகையில் பார்த்திருக்கலாம். யார் இந்த ரசல்?

சார்ல்ஸ் டேஸ் ரசல். அமெரிக்கப் போதகர். 1912இல் திருவிதாங்கூருக்கு வந்தார். தந்தை, மகன், தூய ஆவி மூவரும் சேர்ந்து ஒரே கடவுள் என்ற திரித்துவக் கொள்கையை மறுத்தவர். இன்று நமக்கு யெகோவாவின் சாட்சிகள் என்று தெரிந்த அமைப்பின் தொடக்கம் அவரிடமிருந்துதான்.

இப்படி மறுத்தவர்களை 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உயிரோடு எரித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் சென்னையில் ஒரு தமிழர் அதே கருத்தோடு ஒரு சபையைத் தொடங்கினார். 1985இல் கேரளாவில் மூன்று குழந்தைகள் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார்கள். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் துலக்கமாகத் தெரிகிறது: சிறுபான்மையிலும் சிறுபான்மையாக இருப்பவருக்குச் சலுகை கிடைப்பது வேறு, உரிமை கிடைப்பது வேறு.

எந்த இறையியல் சரி என்று தீர்ப்பு சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை கிடையாது. மாற்றி நம்பியவர்களை அரசும் சமூகமும் என்ன செய்தன என்பதுதான் இங்கே கேள்வி.

சரி, திரித்துவம்னா என்ன?

கடவுள் ஒருவரே. ஆனால் அந்த ஒருவர் தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆள்களாக இருக்கிறார். மூவரும் சமம், மூவரும் நித்தியம். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், சி.எஸ்.ஐ., லூத்தரன், பெந்தெகோஸ்தே என்று நாம் அறிந்த பெரும்பாலான சபைகளுக்கு இது அடிப்படை நம்பிக்கை.

இந்த வரையறை ஒரே நாளில் உருவாகவில்லை. கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், மகன் தந்தையோடு ஒரே இயல்பு உடையவர் என்று முடிவு செய்தார்கள். அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியுஸ் என்ற குருவானவர், மகன் படைக்கப்பட்டவர், தந்தைக்குக் கீழானவர் என்று சொன்னதுதான் அந்தக் கூட்டத்துக்கே காரணம். 381இல் கான்ஸ்டான்டினோப்பிளில் நடந்த அடுத்த சங்கம் தூய ஆவியைப் பற்றிய பகுதியை விரிவாக்கியது. முதல் சங்கத்தைக் கூட்டியது ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், இரண்டாவதைக் கூட்டியது பேரரசர் தியோடோசியஸ். இந்தத் தகவலை மனசுல வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

மறுப்பவர்கள் எல்லோரும் ஒரே கட்சி என்றும் நினைக்க வேண்டாம். இயேசு ஒரு மனிதர், ஆசான் என்று சொன்னவர்கள் உண்டு. மனிதரைவிட மேலானவர், ஆனால் கடவுளுக்குக் கீழானவர் என்று சொன்னவர்களும் உண்டு. கடவுள் ஒருவர் மட்டுமே என்பதை வலியுறுத்திய சபைகளுக்கு யூனிட்டேரியன் என்று பெயர். யெகோவாவின் சாட்சிகளின் கொள்கை அதிலிருந்தும் வேறு. 'திரித்துவம் என்ற கோட்பாடு பைபிளில் இல்லை' என்பது மட்டுமே இவர்களுக்குப் பொது.

ஒரு கருத்துக்காக ஏன் உயிரையே எடுத்தார்கள்?

மிகேல் செர்வேடஸ் ஸ்பெயின்காரர், மருத்துவர். ரத்தம் இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போய்த் திரும்புகிறது என்பதை ஐரோப்பாவில் முதலில் அச்சில் எழுதியவர். 1531இல், இருபது வயதைத் தொட்ட காலத்தில், திரித்துவக் கொள்கையில் பிழைகள் இருப்பதாக ஒரு நூல் வெளியிட்டார். அதற்குப் பிறகு பெயரை மாற்றிக்கொண்டு பிரான்சில் மருத்துவம் பார்த்தார். 1553இல் இன்னொரு நூல் அச்சிட்டபோது கத்தோலிக்க அதிகாரிகளிடம் சிக்கினார். சிறையிலிருந்து தப்பினார். ஆள் கிடைக்காததால் அவருடைய உருவப் படத்தை எரித்தார்கள்.

தப்பியவர் போய்ச் சேர்ந்தது ஜெனீவா. கத்தோலிக்கரிடமிருந்து பிரிந்து சீர்திருத்தம் பேசிய ஜான் கால்வினின் ஊர். அங்கே அடையாளம் காணப்பட்டார், கைதானார். 1553 அக்டோபர் 27 அன்று நகர மன்றத்தின் தீர்ப்புப்படி உயிரோடு எரிக்கப்பட்டார். அவருடைய கடைசி நூலின் மூன்று பிரதிகள் மட்டுமே இன்று மிஞ்சியிருக்கின்றன.

கவனிக்க வேண்டியது இதுதான்: ஒருவரையொருவர் எதிரியாகப் பார்த்த கத்தோலிக்கர்களும் சீர்திருத்தக்காரர்களும் இவர் விஷயத்தில் மட்டும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஏன்?

அன்றைய ஐரோப்பாவில் ஞானஸ்நானப் பதிவேடுதான் கிட்டத்தட்ட குடிமக்கள் பட்டியல். மன்னர் கடவுளின் பெயரால் ஆண்டார். நீதிமன்றச் சத்தியம், திருமணம், சொத்து வாரிசு எல்லாமே சபையோடு பிணைந்திருந்தன. பேரரசர்களே கூட்டிய சங்கங்களின் முடிவை மறுப்பது, பேரரசின் சட்டத்தையே மறுப்பதாகக் கருதப்பட்டது. ஆறாம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பு திரித்துவ மறுப்பைக் குற்றமாக வைத்திருந்தது. ஆயிரம் ஆண்டு கழித்தும் ஐரோப்பிய நீதிபதிகள் அந்தத் தொகுப்பை நம்பினார்கள். 'இவன் இதையே நம்பலைன்னா, இவன் செய்யிற சத்தியத்தை எப்படி நம்புறது?' என்ற பயம்தான் அடியில் இருந்தது.

செர்வேடஸ் எரிக்கப்பட்ட அடுத்த ஆண்டே செபாஸ்டியன் கஸ்டெல்லியோ என்ற அறிஞர் இந்தத் தண்டனையைக் கண்டித்து எழுதினார். ஒரு மனிதரைக் கொல்வதால் எந்தக் கொள்கையும் காப்பாற்றப்படுவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் செர்வேடஸின் கருத்தை ஆதரித்து எழுதவில்லை. கருத்து தவறாக இருந்தாலும் ஆளைக் கொல்லலாமா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி.

அரசர் நல்லவராக இருந்தால் போதாதா?

போதாது. டிரான்சில்வேனியாவின் கதை அதற்கு நல்ல உதாரணம்.

இன்று ருமேனியாவில் இருக்கும் அந்த நாட்டில், 1568இல் டோர்டா என்ற ஊரில் ஒரு சட்டம் இயற்றினார்கள். போதகர் தான் புரிந்துகொண்டபடி பிரசங்கிக்கலாம், அதற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது என்றது அது. அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். ஆண்டவர் யானோஸ் சிக்மண்ட், அவரே யூனிட்டேரியன் பக்கம் சாய்ந்தவர். அவருடைய அரசவைப் போதகர் ஃபெரென்ஸ் டாவிட் இந்த இயக்கத்தின் முன்னணியில் இருந்தார்.

1571இல் அரசர் இறந்தார். அடுத்து வந்தவர் கத்தோலிக்கர். ஏற்கெனவே இருக்கும் சபைகள் இருக்கட்டும், ஆனால் மேற்கொண்டு கொள்கையில் புதுமை எதுவும் செய்யக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. டாவிட் தன் சிந்தனையை நிறுத்தவில்லை. புதுமை செய்தார் என்ற குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டு, 1579இல் தேவா கோட்டைச் சிறையில் இறந்தார். பத்தே ஆண்டுகளில் அரசவைப் போதகர் சிறைக் கைதியாகிவிட்டார்.

போலந்திலும் இதே கதை. அங்கே திரித்துவத்தை மறுத்த 'போலந்துச் சகோதரர்கள்' ராக்கோவ் என்ற ஊரில் பள்ளியும் அச்சகமும் நடத்தினார்கள். 1638இல் இரண்டையும் மூடினார்கள். 1658இல் போலந்து நாடாளுமன்றம், மதம் மாறு அல்லது நாட்டை விட்டுப் போ என்று உத்தரவிட்டது.

தண்டனை படிப்படியாக எப்படி மாறியது?

இதை ஓர் அட்டவணையாக மனதில் போட்டுப் பாருங்கள். மேலே உயிர். அதற்குக் கீழே ஊர். அதற்கும் கீழே உரிமை, வேலை. இங்கிலாந்தின் வரலாற்றில் இந்தப் படிகளை வரிசையாகப் பார்க்கலாம்.

உயிர்: 1612 மார்ச்சில் பார்த்தலமியூ லெகட் லண்டன் ஸ்மித்ஃபீல்டில் எரிக்கப்பட்டார். அடுத்த மாதம் எட்வர்ட் வைட்மன் லிச்ஃபீல்டில் எரிக்கப்பட்டார். சமயக் கருத்துக்காக இங்கிலாந்தில் எரிக்கப்பட்ட கடைசி ஆள் அவர். ஸ்காட்லாந்தில் 1697 ஜனவரியில் தாமஸ் ஐக்கன்ஹெட் என்ற மாணவர் தூக்கிலிடப்பட்டார். திரித்துவத்தைக் கேலி செய்ததும் அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. வயது 20.

உரிமை: 1689இல் வந்த சகிப்புச் சட்டம் பல பிராட்டஸ்டன்ட் பிரிவுகளுக்கு வழிபடும் சுதந்திரம் தந்தது. திரித்துவத்தை மறுப்பவர்களுக்கு மட்டும் கிடையாது. சில ஆண்டுகளில் வந்த தெய்வ நிந்தனைச் சட்டம் இன்னும் துல்லியமானது. கிறிஸ்தவராக வளர்ந்து திரித்துவத்தை மறுத்தால், முதல் முறை அரசுப் பதவி போகும். இரண்டாம் முறை வழக்குத் தொடுக்கும் உரிமை, காப்பாளராகும் உரிமை, உயில் வழி சொத்து பெறும் உரிமை எல்லாம் போகும். கூடவே மூன்று ஆண்டு சிறை.

வேலை: ஐசக் நியூட்டன் திரித்துவத்தை ஏற்கவில்லை. பக்கம் பக்கமாக எழுதினார், ஆனால் உயிரோடு இருந்தவரை அதை அச்சேற்றவில்லை. அவர் வேலை பார்த்த கல்லூரியின் பெயரே திரித்துவக் கல்லூரி, கேம்பிரிட்ஜின் டிரினிட்டி. அவருக்குப் பின் அதே பேராசிரியர் நாற்காலியில் அமர்ந்த வில்லியம் விஸ்டன் வெளிப்படையாகப் பேசினார். 1710இல் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. ஒரே கருத்து, ஒரே நாற்காலி. வாய் திறக்காதவருக்கு வேலை மிஞ்சியது, திறந்தவருக்குப் போனது. ஆபீஸில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று கணக்குப் போடும் யாருக்கும் இது புரியும்.

சட்டம் தளர்ந்த பிறகும் கும்பல் தளரவில்லை. ஆக்சிஜன் ஆய்வுக்காக நாம் பள்ளியில் படித்த ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு யூனிட்டேரியன் போதகரும்கூட. 1791 ஜூலையில் பர்மிங்காமில் ஒரு கும்பல் அவர் வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் நாசமாக்கியது. பிரெஞ்சுப் புரட்சியை ஆதரிக்கிறார், மன்னருக்கு எதிரானவர் என்பது குற்றச்சாட்டு. மத விரோதி என்ற முத்திரை இங்கே தேச விரோதி என்ற முத்திரையாகிவிட்டதைப் பாருங்கள்.

சென்னைக்கு இது எப்படி வந்தது?

ஒரு வீட்டு வேலைக்காரர் வழியாக வந்தது.

திருவேங்கடம் வெள்ளாளர் என்ற தமிழர், ஆங்கிலேயரிடம் பணியாளாக இருந்து இங்கிலாந்து வரை போனவர். ஞானஸ்நானம் பெற்று வில்லியம் ராபர்ட்ஸ் ஆனார். இங்கிலாந்துத் திருச்சபையின் திரித்துவக் கொள்கை அவருக்கு ஒட்டவில்லை. பிரீஸ்ட்லி போன்ற யூனிட்டேரியன்களின் எழுத்துகள் கையில் கிடைத்தன. சென்னைக்குத் திரும்பி, 1795இல் தமிழர்களைக் கொண்ட ஒரு யூனிட்டேரியன் சபையைத் தொடங்கினார். 1813இல் புரசைவாக்கத்தில் அவர்களுக்கென்று ஒரு சிறு ஆலயம் எழுந்தது.

இந்த இரண்டு ஆண்டுகளையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1795இல் இங்கிலாந்திலேயே அந்தக் கருத்து சட்டப் புத்தகத்தின்படி குற்றம். பர்மிங்காம் கலவரம் முடிந்து நான்கே ஆண்டுகள். 1813இல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் திரித்துவ மறுப்புக்கான தண்டனைகளை நீக்கியது. அதே 1813இல்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் திருத்தப்பட்டு, இந்தியாவின் கதவு மிஷனரிகளுக்கு அகலத் திறந்தது. லண்டனில் சட்டம் மாறும் முன்பே சென்னையில் ஒரு வேலைக்காரர் அந்த நம்பிக்கையோடு சபை நடத்திக்கொண்டிருந்தார்.

அவரை யாரும் எரிக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு மிஷன் சங்கம் கிடையாது. பள்ளிக்கூடம், அச்சகம், சம்பளம், கல்லறைத் தோட்டம் என்று பெரிய மிஷன்கள் தம் மக்களுக்குக் கொடுத்த எதுவும் இயல்பாக இந்தச் சபைக்கு வராது. வேலை பார்த்துக்கொண்டே போதகராக இருந்தார். வழிபாட்டு நூல்களைத் தமிழாக்கினார். லண்டன் யூனிட்டேரியன்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அங்கே அச்சாகி, கொஞ்சம் உதவியும் வந்தது. 1838இல் இறக்கும்வரை சபையை விடவில்லை. அவருக்குப் பின் அவர் மகன் அதை ஏற்று நடத்தினார். அந்தச் சபை சென்னையில் இன்றும் தொடர்கிறது.

கல்கத்தாவில் என்ன நடந்தது?

அங்கே சண்டை மொழிபெயர்ப்பில் தொடங்கியது. ராஜா ராம் மோகன் ராய் 1820இல் இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார். அற்புதங்களையும் கோட்பாடுகளையும் விட்டுவிட்டார். செராம்பூர் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜோஷுவா மார்ஷ்மன் அதைக் கடுமையாக எதிர்த்தார். பதிலுக்குப் பதில் என்று விவாதம் நீண்டது.

இதற்கிடையே வில்லியம் ஆடம் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி, ராயோடு சேர்ந்து நற்செய்தியை வங்காளியில் மொழிபெயர்க்கும் வேலையில் இருந்தார். யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் ஒரு கிரேக்க வேற்றுமைச் சொல். எல்லாம் அவர் 'ஆல்' உண்டானதா, அவர் 'மூலம்' உண்டானதா? தமிழில் யோசித்தாலே வித்தியாசம் தெரியும். 'ஆல்' என்றால் அவரே படைத்தவர், 'மூலம்' என்றால் படைத்தவர் வேறொருவர். இந்த விவாதம் ஆடமை யோசிக்க வைத்தது. 1821இல் அவர் யூனிட்டேரியன் ஆனார். பழைய சகாக்கள் அவரை 'இரண்டாவது முறை விழுந்த ஆதாம்' என்று கேலி செய்தார்கள். மிஷன் பணி போயிற்று.

ராய் தன் கடைசிப் பதிலை எழுதியபோது, அதுவரை அச்சிட்டுவந்த பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் மறுத்துவிட்டது. அவர் சொந்தமாக ஓர் அச்சகம் வைத்து 1823இல் அதை வெளியிட்டார். நம் அட்டவணையில் இதுவும் ஒரு படி: மேடையைப் பிடுங்கிக்கொள்வது. ராய்க்குக் காசு இருந்தது, வேறு அச்சகம் வைத்தார். ராபர்ட்ஸுக்கு அது இல்லை.

கேரளாவில்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 1599இல் உதயம்பேரூரில் போர்ச்சுகீசியப் பேராயர் மெனேசிஸ் கூட்டிய சங்கம், தோமா கிறிஸ்தவர்களின் சுரியானி நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் உத்தரவிட்டது. 'நெஸ்தோரியப் பிழை' என்பது காரணம். அது கிறிஸ்துவின் இறை இயல்பும் மனித இயல்பும் எப்படி இணைந்தன என்பது பற்றிய சண்டை. தோமா கிறிஸ்தவர்கள் திரித்துவத்தை மறுத்தவர்கள் அல்லர்.

திரித்துவத்தை மறுக்கும் குரல் திருவிதாங்கூரில் கேட்கத் தொடங்கியது 1905 வாக்கில். ஏ.ஜே. ஜோசஃப் என்ற மலையாளி இளைஞர் திரித்துவம் பற்றிய தன் சந்தேகத்துக்கு விடை தேடியபோது ரசலின் நூல்கள் கிடைத்தன. அதே காலத்தில் அமெரிக்காவில் ரசலைச் சந்தித்துவிட்டுத் திரும்பிய எஸ்.பி. டேவி என்ற தமிழர் நாகர்கோவில் பக்கம் பிரசங்கிக்க ஆரம்பித்தார். அப்போது நாஞ்சில் நாடும் திருவனந்தபுரமும் ஒரே சமஸ்தானம். நவராத்திரிக்குக் குமாரகோவில் முருகன் ஊர்வலமாக வந்து ஆரியசாலைக் கோயிலில் தங்கும் வழக்கம் இன்றும் அந்த உறவின் சாட்சி. அந்தச் சாலை வழியாகத்தான் தமிழும் மலையாளமும், சரக்கும் சமயமும் வந்து போயின.

1912இல் ரசலே நேரில் வந்தார். விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில் பேசினார். இப்போது அய்யன்காளி ஹால் என்று பெயர் மாற்றப்பட்ட அதே மண்டபம்தான். இந்து மன்னரின் தலைநகரில், பெரிய சபைகள் எல்லாம் ஏற்காத ஒரு போதகருக்கு மேடை கிடைத்தது. அழகான விஷயம்தான். ஆனால் டோர்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். மேடை கிடைத்தது விருந்தோம்பலால். விருந்தோம்பல் உரிமை ஆகுமா என்பது எழுபது ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது.

1985: மூன்று குழந்தைகள், ஒரு பாட்டு

யெகோவாவின் சாட்சிகள், எந்த நாட்டின் தேசிய கீதத்தையும் பாடுவதில்லை. கடவுளுக்கு மட்டுமே உரிய வழிபாட்டை நாட்டுக்குத் தரக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. திரித்துவத்தை மறுக்க வைத்த அதே வாதம்தான் இங்கேயும் வேலை செய்கிறது: கடவுள் ஒருவரே, வழிபாடு அவருக்கு மட்டுமே.

கோட்டயம் மாவட்டம் கிடங்கூரில் பிஜோ, பினு மோள், பிந்து இம்மானுவேல் என்ற மூன்று பேர் பத்து, ஒன்பது, ஐந்தாம் வகுப்புகளில் படித்தார்கள். காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள். பாட மாட்டார்கள். பல வருடங்களாக இப்படித்தான். யாருக்கும் பிரச்சினை இல்லை.

1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இதைக் கவனித்தார். விஷயம் சட்டமன்றத்தில் எழுந்தது. விசாரித்த குழு, குழந்தைகள் ஒழுங்கானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்று அறிக்கை தந்தது. அதன் பிறகும், கல்வித் துறை அதிகாரியின் அறிவுறுத்தலின் பேரில் ஜூலை 26 அன்று மூவரும் நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியும் கைவிட்டார், அமர்வும் கைவிட்டது.

1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் தீர்ப்பளித்தார்கள். பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு. சாரம் இதுதான்:

பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் கீதத்தைப் பாடவிடாமல் தடுப்பதையும் கூட்டத்தில் இடையூறு செய்வதையும்தான் குற்றமாக்குகிறது.

எழுந்து நிற்பதே மரியாதை. பாடாமல் இருப்பது அவமதிப்பு ஆகாது.

கல்வித் துறையின் சுற்றறிக்கை சட்டம் கிடையாது. பேச்சுரிமையையும் சமய உரிமையையும் கட்டுப்படுத்த வேண்டுமானால் அரசமைப்பு சொல்லும் காரணங்களுக்காக, முறையான சட்டம் வழியாகத்தான் முடியும்.

நான்காவது விஷயம்தான் நம் கதைக்கு முக்கியம். அந்த நம்பிக்கை நீதிபதிக்குப் பிடிக்கிறதா, அறிவுக்குப் பொருந்துகிறதா என்பது கேள்வியே இல்லை என்றது நீதிமன்றம். அது மனசாட்சிப்படி உண்மையாகவே கொண்ட நம்பிக்கையா என்பதுதான் கேள்வி. உண்மையானது என்றால் 25ஆம் பிரிவின் பாதுகாப்பு உண்டு.

செர்வேடஸின் நீதிபதிகள் கேட்டது என்ன? 'இவர் சொல்வது சரியா?' சின்னப்ப ரெட்டியின் நீதிமன்றம் கேட்டது என்ன? 'இவர்கள் இதை நிஜமாகவே நம்புகிறார்களா? யாருக்காவது கெடுதலா?' 433 ஆண்டுகளில் மாறியது கேள்விதான். கேள்வி மாறியதால் பதிலும் மாறியது.

அமெரிக்காவிலும் இதே பாடம் கொஞ்சம் ரத்தம் சிந்தித்தான் கற்கப்பட்டது. 1940இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கொடிக்கு வணக்கம் செய்ய மறுத்த சாட்சிகளின் குழந்தைகளைப் பள்ளி நீக்கலாம் என்றது. அதைத் தொடர்ந்து பல ஊர்களில் அவர்கள் மீது கும்பல் தாக்குதல்கள் நடந்தன. மூன்றே ஆண்டுகளில், 1943இல், அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது.

தீர்ப்போடு எல்லாம் முடிந்ததா?

இல்லை. 2016 நவம்பரில் திரையரங்குகளில் தேசிய கீதம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும், எழுந்து நிற்காதவர்களுடன் தியேட்டரில் நடந்த கைகலப்புகளும் உங்களுக்கு நினைவிருக்கும். 2018 ஜனவரியில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. அந்த விவாதம் முழுக்க பிஜோ இம்மானுவேல் தீர்ப்பு திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்பட்டது. தங்களுக்காக வழக்குப் போட்ட ஒரு சிறு சபையின் தீர்ப்பு, கடவுள் நம்பிக்கையே இல்லாதவர்களுக்கும் கேடயமானது.

2017 ஏப்ரலில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் யெகோவாவின் சாட்சிகளைத் 'தீவிரவாத அமைப்பு' என்று தடை செய்தது. வீட்டில் கூடி பைபிள் படித்ததற்காகப் பலர் சிறையில் இருக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்தில், 2023 அக்டோபர் 29 ஞாயிறு காலை, கொச்சி களமசேரியில் யெகோவாவின் சாட்சிகளின் மாநாட்டில் குண்டுகள் வெடித்தன. எட்டு பேர் உயிரிழந்தார்கள். ஒரு காலத்தில் அதே சபையில் இருந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவர், தானே காரணம் என்று காணொளி வெளியிட்டுவிட்டு போலீசில் சரணடைந்தார். அந்தச் சபையின் போதனை தேச விரோதமானது, தேசிய கீதம் பாடக் கூடாது என்று கற்பிக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. வெடித்த சில மணி நேரத்துக்குள், யார் செய்தார்கள் என்று தெரியும் முன்பே, சமூக ஊடகங்களில் வேறொரு சிறுபான்மைச் சமூகத்தின் மீது பழி போடும் பதிவுகளும் பரவின.

1791இல் பிரீஸ்ட்லி மீது விழுந்த முத்திரையும் இதுதானே?

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

ஒன்று: நல்ல மன்னர், நல்ல மேலதிகாரி, நல்ல ஊர் என்பதெல்லாம் இருக்கும்வரை நல்லது. ஆள் மாறினால் போய்விடும். எழுதப்பட்ட உரிமை மட்டும்தான் ஆள் மாறினாலும் நிற்கும்.

இரண்டு: உரிமை எழுதப்பட்டாலும் அதைக் காப்பது நீதிமன்றம் மட்டும் இல்லை. கிடங்கூரில் பல வருடங்களாக எந்தப் பிரச்சினையும் வராமல் பார்த்துக்கொண்டது பக்கத்தில் நின்று பாடிய மற்ற மாணவர்களும் ஆசிரியர்களும்தான். ஒருவர் பாடவில்லை என்பதால் தங்கள் பாட்டு கெட்டுப்போனதாக அவர்கள் நினைக்கவில்லை.

மூன்று: தண்டனையின் வடிவம் மாறும். நெருப்பு போய் நாடுகடத்தல் வரும். அது போய் வேலை நீக்கம் வரும். அதுவும் போய் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்ட் வரும். ஆனால் பின்னால் இருக்கும் வாதம் ஒன்றேதான்: இவர்கள் நம்மைப் போல் நம்புவதில்லை, அதனால் இவர்களை நம்ப முடியாது.

அடுத்த முறை ஆபீஸ் பூஜையிலோ, அபார்ட்மென்ட் கொடியேற்றத்திலோ ஒருவர் மட்டும் ஒதுங்கி நின்றால், 'இவர் நம்புவது சரியா?' என்ற கேள்வி முதலில் தோன்றும். அது இயல்பு. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், அவரை அப்படியே நிற்க விடலாம் என்ற முடிவுக்குத்தான் வருவீர்கள்.